மூச்சு விடாமல் ஒரு சுற்று

1

இந்த ஊரில் நான் பார்க்கும் வேலைக்குத் தமிழில் பெயர் கிடையாது. மதியம் பன்னிரண்டேகாலுக்கு ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போவேன். கண்ணைக் கூச வைக்கும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டு, சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் விளையாடுவதை ஒன்றேகால் வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்தால் தூக்கிவிட வேண்டும். சண்டை போட்டால் விலக்கிவிட வேண்டும். தலையில் அடிபட்டால் ஒரு படிவம் எழுதி ஆபீஸில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து யாராவது போனில் கேட்டால் ஸ்கூலில் வேலை என்பேன். டீச்சரா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டதும் உண்டு.

இது இங்கிலாந்தின் நடுவில் இருக்கிற ஊர். எந்தப் பக்கம் போனாலும் கடல் மூன்று மணி நேரம் தள்ளி. வந்த புதிதில் அது பெரிய குறையாக இருந்தது. இப்போது இல்லை.

இந்த ஜூன் மாதத்தோடு இந்த வேலையில் பத்து வருஷம் முடிந்தது. தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி ஒரு சான்றிதழ் கொடுத்தார். விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளை ஓடியாட வைத்ததற்காக என்று அதில் அச்சடித்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மகள் ஷீலா அதைத் தேடி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவள் பள்ளிக்கூடம் போனதும் கிழித்தேன். சாயங்காலம் வந்து ஏன் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஷீலாவுக்குப் பதினான்கு வயது. என் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். என் படிவங்களைத் திருத்துவது அவள்தான். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பையன் இன்னொருவன் முதுகில் ஒரு அறை வைத்தான். நம் ஊரில் ஒரு தட்டு தட்டினாலும் அடிதான். ‘அடித்தான்’ என்பதற்கு ‘பீட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே அந்த வார்த்தைக்கு அடித்து நொறுக்குவது என்று பொருளாம். மறுநாள் அடித்த பையனின் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நகராட்சியிலிருந்து கையில் கோப்போடு ஒரு அம்மாள் வந்து என்னிடம் எத்தனை அடி, எதனால் அடித்தான், ரத்தம் வந்ததா என்று கேட்டாள். அந்தப் பையனின் அம்மா அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷீலா ஓரளவு எழுதக் கற்றதிலிருந்து, சந்தேகமான வாக்கியங்களை வீட்டில் அவளிடம் காட்டுவேன். முதலில் சிரித்துக்கொண்டே திருத்தினாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. பேனாவைப் பிடுங்கி அவளே எழுதிவிடுகிறாள்.

2

சான்றிதழ் வந்த அதே வாரம் இது நடந்தது.

பிள்ளைகள் ஓடுவதே இல்லை, குண்டாகிறார்கள் என்று நகராட்சிக்குக் கவலை. ஒரு பிள்ளை ஒரு நாளில் நடக்கிற நடையில், ஓடுகிற ஓட்டத்தில், பள்ளிக்கூடத்து விளையாட்டு நேரத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கெடுக்க இரண்டு வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இடுப்பில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவுதான். காலை எடுத்து வைக்க வைக்க அதில் எண் கூடும். வாரக் கடைசியில் எந்த வகுப்பின் கூட்டுத்தொகை அதிகமோ அதன் பெயர் சுவரில் ஏறும்.

மூன்றாம் நாள் மதியம், போலந்திலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஆனியா என்கிற பெண் தனியாக முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரியும். அவள் இடுப்பைச் சுற்றி ஐந்து பெட்டிகள் மாட்டியிருந்தன. அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தக்காரிகளான நான்கு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஆனியா அவர்கள் முன்னால் வந்து நிற்பாள். ஒருத்தி தலையைத் தூக்காமல் விரலைச் சுழற்றிக் காட்டுவாள். இன்னொரு சுற்று. ஆனியா சிரித்துக்கொண்டே மறுபடி ஓடுவாள்.

விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. என்ன நடக்கிறதென்று புரியாமல் இல்லை. பார்த்த நொடியிலேயே புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். நின்று ஏழு சுற்று பார்த்தேன். எட்டாவது சுற்றில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் ஊதினேன்.

அன்றைக்குப் படிவத்தை ஷீலாவிடம் காட்டாமல் நானே எழுதினேன், சிநேகிதிகளோடு ஓடி விளையாடியபோது வாந்தி என்று. ஆபீஸில் இருந்தவள் அதைப் படித்து, ஒரு வார்த்தையைப் பென்சிலால் அடித்துத் திருத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, எப்படியோ அந்தப் பிள்ளைக்குச் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்களே என்றாள். வெள்ளிக்கிழமை அந்த வகுப்புதான் முதலில் வந்தது. சுவரில் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள். இன்னும் இருக்கிறது.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு படித்தேன். கன்னியர் நடத்திய பள்ளி. மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். காற்று திரும்பினால் கருவாட்டு வாடையும் உப்பும் வகுப்புக்குள் வரும். பின்னால் பெரிய மணல் மைதானம். அதன் ஒரு மூலையில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி, எதிர் மூலையில் கோயில் மதில்.

காலையில் இன்டர்வெல் பதினைந்து நிமிடம். மதியம் சாப்பிட்டது போக மிச்சம் கொஞ்சம். நாங்கள் ஓடியது அந்த நேரத்தில் மட்டும்தான். வீட்டில் ஓடக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தெருவில் ஓடினால் அம்மா முழங்காலில் கரண்டியால் அடிப்பாள். வாரத்தில் இரண்டு டிரில் பீரியட் உண்டு. ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். இன்னொன்றில் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்குவோம். இந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு எங்கள் இடுப்பில் அந்தப் பெட்டியை மாட்டியிருந்தால், நாள் முழுவதும் செத்துக்கிடந்த எண் அந்தப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் எகிறியிருக்கும்.

மணி அடித்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவோம். மணலில் குதிகாலால் கோடு கிழித்துக் கிளித்தட்டு. கோட்டுக்கு ஒருத்தி மறித்து நிற்பாள், அவள் கை படாமல் தாண்ட வேண்டும். ஆளுக்கொரு கூட்டம் இருந்தது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி பிலோமி. அவளுடைய அப்பா தோணிகளுக்குப் பாய், கயிறு விற்கும் கடைக்காரர். என் அப்பா ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. அதனால் பிலோமிக்கு அடுத்த இடம் எனக்கு.

அந்த வருஷம் வேம்பார் என்ற கடற்கரை ஊரிலிருந்து சந்தனமேரி வந்து சேர்ந்தாள். சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவள். கறுத்து மெலிந்த, நீண்ட கால்கள் உள்ள பிள்ளை. அப்பா சங்கு குளிக்கிறவர். முதல் நாள் டீச்சர் ஒவ்வொருத்தியிடமும் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது மற்றவர்கள் ஒரு வார்த்தையில் சொல்லி உட்கார்ந்தோம். இவள் மட்டும் நின்றுகொண்டு, “எங்கப்பா ஒரே மூச்சுல கடல் தரைக்குப் போயி சங்கு எடுத்துட்டு வருவாவ” என்றாள். பெருமையாகச் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இன்டர்வெல்லில் அவள் எங்கள் கோட்டுப் பக்கம் வந்து நின்றாள். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். பிலோமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பனுக்கு இருக்க மூச்சு மவளுக்கும் இருக்கும்லா? தொட்டியிலருந்து மதிலு வரைக்கும் போயி, தொட்டிக்கே திரும்பி வரணும். மூச்சு விடப்புடாது. ரெஜினா எண்ணுவா. அறுபது எண்ணி முடிக்கவரைக்கும் வாயத் தொறக்காம இருந்தன்னா சேத்துக்கிடுதோம்.”

ரெஜினா நான்தான். எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

4

முதல் நாள் ஒழுங்காக எண்ணினேன். சந்தனமேரி கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடினாள். அப்படி ஓடிய ஒரு பெண்ணை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மணல் அவள் காலை இழுக்கவே இல்லை. ஐம்பதுக்கு முன்பே தொட்டிக்கு வந்து, அறுபது வரை நின்று, வாயைத் திறந்து சிரித்தாள். நாங்கள் திகைத்துப்போனோம். சொன்ன சொல்லுக்காக ஆட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு எங்கள் கோடு அத்தனையையும் தாண்டி ஜெயித்தாள். பிலோமியை மூன்று தடவை ஏமாற்றினாள்.

மறுநாள் அவள் வந்ததும் பிலோமி, தினமும் ஓடினால்தான் தினமும் ஆட்டம் என்று சொல்லிவிட்டாள். பிறகு என் காதில், இழுத்து எண்ணும்படி சொன்னாள். இழுத்தேன். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் எச்சில் விழுங்கினேன். அதற்கடுத்த நாள் இன்னும் இழுத்தேன். யாரும் சொல்லாமலே செய்தேன். அவள் தொட்டியருகே வந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த எண் என் வாயிலிருந்து வரும்வரை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு வயதில் அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். வீட்டில் நான்காவது பெண் நான். என் வாயை யாரும் அப்படிப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

எண்ணி முடித்து, அவள் குனிந்து மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் இன்டர்வெல் பாதி போயிருக்கும். சில நாள் மணியே அடித்துவிடும். அவளுக்குக் கிளித்தட்டு ஆடக் கிடைத்தது மொத்தத்தில் ஐந்தாறு நாள்தான் இருக்கும். ஆனாலும் தினமும் வந்தாள். தினமும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள். முந்தின இரவு மழை பெய்து மணல் இறுகிக் கிடந்தது. சந்தனமேரி மதிலைத் தொட்டுத் திரும்பினாள். நான் நாற்பது என்றேன். பிலோமியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். மறுபடியும் நாற்பது என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் நாற்பது என்றேன். சந்தனமேரியின் முகம் நீலம் பாரித்திருந்தது. கண் என் வாயில்தான் இருந்தது. தொட்டிக்கு நாலடி இருக்கும்போது அவள் முழங்கால் இரண்டும் துணி போல மடங்கின. கையை ஊன்றவே இல்லை. முகம் நேராகப் போய்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் விழுந்தது.

அவள் விழுந்த பிறகும் நான் நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்.

5

முன்பற்கள் மூன்று போயின. மேலுதடு மூக்கு வரைக்கும் கிழிந்தது. பெரிய சிஸ்டர் ஓடிவந்து யார் தள்ளியது என்று கேட்டார். வழுக்கி விழுந்தாள் என்றாள் பிலோமி. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் பொய் சொல்லாத பிள்ளை என்று பெயர் எடுத்தவள். வழுக்கித்தான் விழுந்தாள், எப்போதும் இப்படித்தான் தனியாகப் பைத்தியம் மாதிரி ஓடுவாள் என்றேன்.

பத்து நாள் கழித்துத் தையல் போட்ட உதட்டோடு அவள் திரும்பி வந்தபோது அவளைக் கூப்பிட்டும் கேட்டார்கள். அவளும் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னாளாம்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் பெரிய சிஸ்டர் உத்தரவு போட்டார். இனி இந்தப் பள்ளியில் இன்டர்வெல்லில் யாரும் ஓடக் கூடாது. மைதானத்தில் இறங்கவே கூடாது. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து தையல் போட வேண்டும், இல்லையென்றால் படிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் எதற்கு, ஒரு பிள்ளை ஓடியதால் வந்த வினையைப் பாருங்கள் என்று சந்தனமேரியை முன்னால் நிறுத்தி, அவள் வாயை எல்லோருக்கும் காட்டினார். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை அத்தனை பேரும் பார்த்தோம்.

அன்றிலிருந்து மணி அடித்தால் வராந்தாவில் உட்கார்ந்தோம். மதிலுக்கு அப்பால், கோயிலையும் தாண்டி, பையன்கள் பள்ளியிலிருந்து கூச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் மைதானத்தில் முள் முளைத்தது. பள்ளிக்கூடம் அமைதியாக இருக்கிறதென்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நான் ஒரு தலையணை உறையில் ரோஜாப்பூ போட்டு முடித்து, இன்னொன்றில் ஆரம்பித்தேன்.

எங்களுக்கு ஆட்டம் போனது சிஸ்டரால் என்று யாரும் நினைக்கவில்லை. பிலோமியாலும் என்னாலும் என்பது எங்கள் கூட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அத்தனை கோபமும் சந்தனமேரி மேல் இறங்கியது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால் டம்ளரை எடுத்து ஒளித்து வைத்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் உதட்டைச் சுருட்டி அவளைப் போலப் பேசிக் காட்டினார்கள். ஒரு நாள் அவள் வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது, “ஒன்னாலதாம்ளா எங்களுக்கு இந்தச் செறை” என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

முழுப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தார்கள். ஓடக் கூடாது என்கிற உத்தரவு நான் பதினொன்றாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அப்படியே இருந்தது. கடைசி வருஷம் மாடி ஏறினாலே எங்களுக்கு இரைக்கும். கல்யாணம் பண்ணிப் போகிற பிள்ளைகள்தானே என்று யாரும் கவலைப்படவில்லை.

6

இந்த ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஷீலா வரவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளாது என்றாள். ஆனியா வாந்தி எடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. விசாரித்ததில், சந்தனமேரி வேம்பாரிலேயே இருக்கிறாள், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. கடற்கரை ரோட்டு பஸ்ஸில் ஏறிப் போனேன்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சின்னக் கடை. உள்ளே மெஷினும் ஒரு மேசையும். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். உதட்டில் அந்தத் தழும்பு இழுத்துப் பிடித்து, வாய் ஒரு பக்கம் மூடாமல் இருந்தது. பெயரைச் சொல்வதற்குள் அவளே, “ரெஜினாதான?” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இந்த வாயைப் பார்த்து யாரும் கட்டிக்கொள்ளாமல், கடைசியில் மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டது, அவரும் போய்ச் சேர்ந்தது, ஒரு மகன் குவைத்தில் இருப்பது. அப்பா கடலில் சாகவில்லையாம், படுக்கையில்தானாம்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அந்த நாட்களில் இழுத்து இழுத்து எண்ணினேன் என்றேன். கடைசி நாள் நாற்பதையே மூன்று தடவை சொன்னேன் என்றேன். அவள் ஒரு ரேஷன் கார்டை மெஷினில் வைத்து மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ளா. எனக்கு எண்ணத் தெரியாதா? மொதல்லருந்தே தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா மூச்ச விட்டிருக்கலாமே, சந்தனம்.”

“விட்டா சேத்துக்கிட மாட்டியளே.”

மெஷின் வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு தடவை ஓடி நின்றது. என்னை மன்னித்துவிடு என்றேன். அழுதேனா என்று தெரியவில்லை. அவள் நகலை எடுத்து ஓரம் சேர்த்தாள்.

“மாட்டேன். மன்னிச்சேன்னு சொன்னா நீ நிம்மதியா பிளேன் ஏறிருவ. நான் இந்த வாயோட இங்கனதான கெடக்கேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அந்த நேரம் தூத்துக்குடி போகிற பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் தலையை அசைத்து, போ என்பது போல வெளியே காட்டினாள்.

ஓடினேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது நான் ஓடி. பத்தடியில் செருப்பு நழுவியது, மூச்சு அடைத்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தான். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து. அங்கே நிழல் என்று இருந்தது அவள் கடைக்குள் மட்டும்தான். ரோட்டோரம் வெயிலில் நின்றேன். இடையில் நாலைந்து பேர் வந்து நகல் எடுத்துப் போனார்கள். ஒரு கிழவருக்கு அவள் ஸ்டூல் எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பஸ் வரும்வரை உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.